கோடியக்கரை சரணாலயத்த முழுசா பாக்கறது எப்படி: எந்த வரிசைல, எந்த நேரத்துல, எதுக்காக

கோடியக்கரைக்கு புதுசா வர்றவங்க நெறைய பேரு ஒரே மாதிரிதான் வராங்க, காலைல பத்து மணிக்கு வேதாரண்யத்துலேருந்து வண்டில வந்து எறங்கி, கலங்கரை விளக்கம், ராமர் பாதம், கடற்கரை எல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு, "பூநாரை எங்க சார்"னு கேட்டுட்டு, மத்தியானம் சாப்பாட்டுக்கு திரும்பிடறாங்க. நரி இல்ல, மான் தூரத்துல ரெண்டு, பறவை எல்லாம் வெள்ள வெள்ள புள்ளியா தெரிஞ்சுது, அவ்வளவுதான். எடத்து மேல தப்பு இல்லங்க, வரிசைதான் தப்பு.

இந்த எடத்துல ஒரு காடு, ஒரு புல்வெளி, ஒரு பெரிய சதுப்பு, உப்பளம், கடற்கரை, கொஞ்சம் தள்ளி முத்துப்பேட்டை அலையாத்திக்காடுன்னு பல விதமான வாழிடம் பக்கத்து பக்கத்துலயே இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம், ஒரு வெளிச்சம் இருக்கு. அத புரிஞ்சுகிட்டு போனா ரெண்டு ராத்திரி தங்குனா போதும், முத்துப்பேட்டையும் சேத்தா மூணு. புரியாம போனா ஒரு வாரம் இருந்தாலும் பத்தாது.

1. மொதல்ல மாசத்த முடிவு பண்ணுங்க

எத பாக்கணும்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் தேதி குறிங்க, லீவு கெடைக்கற தேதிக்கு வந்துட்டு பறவைய தேடாதீங்க.

வலசை வர்ற கரையோரப் பறவைங்க ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்லயே எறங்க ஆரம்பிச்சுடும். அக்டோபர்ல காட்டுப் பறவைங்களும் வந்து சேரும். ஆனா அக்டோபர் பாதிலேருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம ஊர் வடகிழக்குப் பருவமழை, சதுப்பு முழுக்க தண்ணி நெறஞ்சு நிக்கும். தண்ணி ஆழமா இருந்தா உள்ளான்னு சொல்ற, சேத்துல கொத்தித் தின்ற சின்ன கால் கரையோரப் பறவைக்கு நிக்க எடம் இல்ல, அதுங்க செதறிப் போயிடும், வாத்துங்கதான் நல்லா இருக்கும். புயல் எச்சரிக்கை வேற வரும். 2018 நவம்பர்ல கஜா புயல் இந்தக் காட்டயே பெரட்டிப் போட்டுச்சு, எவ்வளவோ மரம் சாஞ்சுது, மான், குதிரைன்னு நெறைய செத்துச்சு. அதனால நவம்பர்ல திட்டம் போட்டா வானிலைய பாத்துட்டே இருங்க.

ஜனவரி, பிப்ரவரிதான் எல்லாத்துக்கும் பொதுவான நல்ல மாசம். மழை நின்னு தண்ணி வத்த ஆரம்பிக்கும், சேறு வெளில தெரியும், சேத்துல இருக்கற புழு பூச்சி எட்டற அளவுக்கு வரும், பறவை கூட்டமா ஒரே எடத்துல சேரும். கடலாமை முட்டை போட வர்ற காலமும் இதுதான். மொத தடவை வர்றவங்க வேற யோசிக்க வேணாம், ஜனவரி கடைசின்னு வெச்சுக்கங்க.

மார்ச், ஏப்ரல்ல இன்னொரு விசேஷம் இருக்கு, வடக்க திரும்பப் போறதுக்கு முன்னாடி உள்ளான்லாம் இனப்பெருக்க காலத்து நெறத்துக்கு மாறும். குளிர்காலம் பூரா சாம்பலா இருந்த கர்லூ சாண்ட்பைப்பர் செங்கல் செவப்பா நிக்கும். வெயில் தாங்கறவங்க அப்ப வாங்க. ஏப்ரலுக்கு அப்புறம் வந்தா இங்க புல்வெளில மேயற வெளிமானுக்காக வரலாம், பறவைக்காக வராதீங்க.

2. கெளம்பறதுக்கு முன்னாடி

தங்கற எடம்: கோடியக்கரைலயே வனத்துறை விடுதி இருக்கு, பூநாரை இல்லம்னு பேரு. நாகப்பட்டினத்துல இருக்கற வன உயிரினக் காப்பாளர் ஆபீஸ் மூலமா முன்கூட்டியே கேட்டு வெக்கணும். கெடைக்கலன்னா வேதாரண்யத்துல லாட்ஜ் பாத்துக்கங்க, அங்கேருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான். ஆனா விடியறதுக்கு முன்னாடி கெளம்பணும், அதனால வண்டிய மொத நாளே பேசி வெச்சுடுங்க, அஞ்சு மணிக்கு ஆட்டோ கெடைக்கும்னு நம்பி இருக்காதீங்க.

வர்ற வழி: நாகப்பட்டினத்துலேருந்தும் திருத்துறைப்பூண்டிலேருந்தும் வேதாரண்யத்துக்கு பஸ் இருக்கு. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி ரயில் 2023 ஏப்ரல்லேருந்து அகலப்பாதைல ஓடுது, நேரம் பாத்து வந்தா அதுவும் வசதி.

அனுமதி: சரணாலயத்துக்குள்ள போக வனத்துறை டிக்கெட் எடுக்கணும், கேமராவுக்கு தனியா. உள்ள நடந்து போலாமா, வண்டிலதானா, எந்தத் தடம் தெறந்திருக்குன்னு அந்தந்த சீசனப் பொறுத்து மாறும், சேறா இருந்தா சில பாதைய மூடிடுவாங்க. அதனால போன ஒடனே மொத வேலை ஆபீஸ்ல போய் கேக்கறது. வழிகாட்டி வேணுமான்னு கேட்டா வேணும்னு சொல்லுங்க. இன்னிக்கு தண்ணி எங்க நிக்குது, மான் எந்தப் பக்கம் மேயுதுன்னு அவங்களுக்குத் தெரியும், எந்த மேப்புலயும் அது இருக்காது.

ஒரிஜினல் ஆதார் கார்டு கையில வெச்சுக்கங்க. பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் இலங்கை, கடலோரப் பாதுகாப்பு சோதனை நடக்கும், பைனாகுலரும் பெரிய லென்ஸும் வெச்சுட்டு கடற்கரைல நின்னா கேள்வி கேப்பாங்க. அது அவங்க வேலை, கார்டக் காமிச்சா முடிஞ்சுது. ட்ரோன் கொண்டு வரவே வராதீங்க.

சாமான்ல முக்கியமானது 8x42 பைனாகுலர், அதாவது எட்டு மடங்கு பெருசா காட்டறது. 10x எடுத்தா இங்க அடிக்கற காத்துல கை ஆடி படம் நிக்காது. சதுப்புக்கு ட்ரைபாட்ல வெக்கற ஸ்கோப், அதாவது ஒத்தக் கண்ணால பாக்கற தொலைநோக்கி, இருந்தா ரொம்ப ஒசத்தி, ஏன்னா பறவை பெரும்பாலும் ரொம்ப தூரத்துல நிக்கும். கணுக்கால மூடற ஷூ கட்டாயம், காடு முழுக்க முள்ளு, விரியன் பாம்பும் உண்டு. தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர், உள்ள கடை கெடையாது. தொப்பி, மங்கலான நெறத்துல சட்டை. வெள்ளை சட்டை போட்டுட்டு புல்வெளில நின்னா ஒரு கிலோமீட்டர் தள்ளியே மான் பாத்துடும்.

3. சூரியன் எந்தப் பக்கம்னு பாத்து திட்டம் போடுங்க

எல்லாரும் கோட்ட விடற எடம் இதுதான்.

வேதாரண்யத்துலேருந்து அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு தாண்டி கோடியக்கரை வர்ற ரோடு வடக்கேருந்து தெக்க வருது. பெரிய வேதாரண்யம் சதுப்பு அந்த ரோட்டுக்கு மேக்கால விரிஞ்சு கெடக்கு. காலைல ரோட்டு மேல நின்னு மேக்க பாத்தீங்கன்னா சூரியன் உங்க முதுகுப் பக்கம், ஒவ்வொரு எறகும் தெளிவா தெரியும். அதே எடத்துல சாயந்தரம் நின்னா சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும், தண்ணி பளபளன்னு மின்னும், பறவை எல்லாம் கறுப்பு நிழலா மட்டும்தான் தெரியும். ஃபோட்டோக்கு அழகா இருக்கலாம், என்ன பறவைன்னு மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

அதனால சதுப்பும் உப்பளமும் காலைலதான். வெளிமான் காலைலயும் மேயும் சாயந்தரமும் மேயும், அத சாயந்தரத்துக்கு தள்ளிடலாம். காடு நிழலா இருக்கும், வெயில் ஏறுன அப்புறம் ஒம்பது, பத்து மணிக்கு அங்க போலாம். கடற்கரை ரெண்டாவது விடியலுக்கு. முத்துப்பேட்டை தனி நாள்.

ஆக மத்தியானம் வந்து எறங்கறது நல்லது. காலைல வந்து எறங்குனா நல்ல வெளிச்சம் போனதுக்கு அப்புறம்தான் சதுப்புக்கு போவீங்க.

4. மொத நாள் சாயந்தரம்: புல்வெளியும் வெளிமானும்

நாலு மணிக்கு உள்ள போங்க. 1967ல இந்த சரணாலயத்த அறிவிச்சதே வெளிமானுக்காகத்தான், அது நிக்கற எடம் காடு இல்ல, தெறந்த புல்வெளி. தூரத்துல ஆபத்து வருதான்னு கண்ணால பாத்து, ஓடித் தப்பிக்கற மிருகம் அது, மரத்துக்குள்ள பூந்தா அதுக்கு பலமே போச்சு. அதனாலதான் சீமைக்கருவேலம் புல்வெளிக்குள்ள பரவறது இங்க அவ்வளவு பெரிய பிரச்சனை, புல்லும் போகுது, பார்வையும் போகுது.

மொதல்ல புல்வெளி ஓரத்துலயே நின்னு பைனாகுலர்ல எடப்பக்கத்துலேருந்து வலப்பக்கம் மெதுவா ஒரு தடவை பாருங்க, நடக்கவே வேணாம். நின்ன எடத்துலேருந்து பத்து நிமிஷம் பாத்தா படுத்திருக்கற மான் எல்லாம் ஒண்ணு ஒண்ணா தெரிய ஆரம்பிக்கும். அவசரப்பட்டு நடந்தா அதுங்க எழுந்து ஓடுன அப்புறம்தான் அங்க இருந்ததே தெரியும்.

ஆண் பெண் அடையாளம் சுலபம். முதிர்ந்த ஆண் மேல கருப்பா, வயிறு வெள்ளையா, முறுக்கு முறுக்கா நீண்ட கொம்போட இருக்கும். பெண்ணும் குட்டியும் மஞ்சள் கலந்த பழுப்பு, பெண்ணுக்கு கொம்பு கெடையாது. எளம் ஆணுக்கு கொம்பு இருக்கும் ஆனா ஒடம்பு இன்னும் பழுப்பாதான் இருக்கும், புதுசா பாக்கறவங்க இத வேற மான்னு நெனச்சுடறாங்க. புள்ளிமானும் இங்க உண்டு, அது காட்டு ஓரத்துல நிக்கும், அதோட கொம்பு கெளை கெளையா இருக்கும், விழுந்து மறுபடி மொளைக்கும். வெளிமான் கொம்பு விழாது, கெளைக்காது.

ஒரு கருப்பு ஆண் தனியா ஒரே எடத்துல நின்னுட்டு, தலைய பின்னால சாச்சு நடந்துட்டு இருந்தா அது அதோட எல்லைய காத்துட்டு இருக்குன்னு அர்த்தம். அந்த எடத்துல புழுக்கை குவியலா கெடக்கும், திரும்பத் திரும்ப அங்கயே போடும். அப்படி ஒரு ஆணக் கண்டுபிடிச்சா அங்கயே ஒக்காந்துடுங்க. அது எங்கயும் போகாது, மத்த மானுங்க அது கிட்ட வரும், அரை மணி நேரத்துல நீங்க பாக்கற விஷயம் நாள் பூரா சுத்துனாலும் கெடைக்காது.

கிட்ட போறதுன்னா நேரா மானப் பாத்து நடக்காதீங்க. சாய்வா, வேற எங்கயோ போற மாதிரி, நடுவுல நின்னு நின்னு போங்க. மான் மேயறத விட்டுட்டு தலைய தூக்கி உங்களையே பாத்தா அதுதான் எல்லை, அங்க நின்னுடுங்க. அது மறுபடி தலை குனிஞ்சு மேய ஆரம்பிச்சாதான் நீங்க இருக்கறத அது ஏத்துகிச்சுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். புல்லுக்குள்ள தனியா ஒரு குட்டி அசையாம படுத்திருக்கறத பாத்தா "அய்யோ தாய் விட்டுட்டு போயிடுச்சு"ன்னு தூக்காதீங்க. பொறந்த கொஞ்ச நாளுக்கு தாய் குட்டிய ஒளிச்சு வெச்சுட்டுதான் மேயப் போகும், அப்பப்ப வந்து பால் குடுத்துட்டுப் போகும். நீங்க பக்கத்துல நின்னா தாய் வராது. தொடாம, ஃபோட்டோக்கு கூட நிக்காம வந்த வழியே திரும்புங்க.

மட்டக்குதிரைங்க கூட்டமா திரியறத பாப்பீங்க, வீட்டுக் குதிரைலேருந்து காட்டுக்குள்ள போயி தலைமுறை தலைமுறையா இங்கயே ஆனது. பாக்க சாதுவா இருக்கும், பக்கத்துல போய் செல்ஃபி எடுக்காதீங்க, ஒதைக்கும். இருட்டற நேரத்துல நரி புல்வெளி ஓரமா வெளில வரும், ஆனா ஆறு மணிக்குள்ள நீங்களும் வெளில வந்தாகணும், அதனால திரும்பி வர்ற வழில கண்ண வெச்சுட்டே வாங்க.

5. ரெண்டாம் நாள் விடியல்: சதுப்பு

விடியறதுக்கு முன்னாடியே ரோட்டுல இருங்க. ஒரே எடத்துல நின்னு ரெண்டு மணி நேரம் பாக்கறதா, ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்திப் பாக்கறதான்னு கேட்டா, மொதல்ல நாலஞ்சு எடத்துல நிறுத்தி தண்ணி ஆழத்த பாருங்க, அப்புறம் நல்ல எடமா ஒண்ணு புடிச்சு அங்கயே நில்லுங்க.

ஆழத்த எப்படி பாக்கறது? பறவையோட கால வெச்சுதான். பூநாரை தொடை வரைக்கும் தண்ணில நின்னா அங்க உள்ளான் தேடாதீங்க. நெடுங்கால் உள்ளானோட செவப்பு கால் பாதி தெரியுதுன்னா நடுத்தர ஆழம். கொசு உள்ளான் ஓடி ஓடி கொத்துதுன்னா அங்க தண்ணி ஒரு விரல் கூட இருக்காது, வெறும் ஈரச் சேறு. இந்த மூணு ஆழமும் ஒரே பார்வைக்குள்ள வர்ற எடம்தான் நிக்க வேண்டிய எடம்.

காத்தையும் கவனிங்க. இவ்வளவு அகலமான, ஆழமே இல்லாத தண்ணிய பலமான காத்து ஒரு பக்கமா தள்ளிடும். நேத்து சேறா இருந்த எடம் இன்னிக்கு தண்ணியா இருக்கும், இன்னொரு பக்கம் புதுசா சேறு தெரியும், பறவை அங்க மாறியிருக்கும். "நேத்து இங்கதான் இருந்துச்சு"ன்னு அதே எடத்துல காத்துகிட்டு நிக்கறது பெரிய நேர வேஸ்ட்.

பூநாரையப் பத்தி ஒரு விஷயம். கூட்டத்துல சாம்பலும் அழுக்கு பழுப்புமா சிலது நிக்கும், அது வேற பறவை இல்ல, எளசு. அந்த ரோஸ் நெறம் சாப்பாட்டுலேருந்துதான் வருது, முழு நெறம் வர சில வருஷம் ஆகும். குனிஞ்சு அலகத் தலைகீழா தண்ணில வெச்சு, நாக்கால தண்ணிய உள்ள இழுத்து வெளில தள்ளி சலிச்சு சாப்பிடறத ஸ்கோப்ல பாருங்க, கால மாத்தி மாத்தி மிதிச்சு சேத்த கலக்கறதும் தெரியும். இத விட்டுட்டு பறக்க வெக்கறதுக்காக கை தட்டறவங்க, ஹாரன் அடிக்கறவங்கள பாத்தா வயிறு எரியுது. ஒரு தடவை பறக்க வெச்சா அதுங்க மேயற நேரமும் தெம்பும் போச்சு, நீண்ட பயணத்துக்கு கொழுப்பு சேக்க வேண்டிய காலத்துல அது சாதாரண நஷ்டம் இல்ல.

இனி சின்ன உள்ளானுங்க. புதுசா வர்றவங்க இங்கதான் மனசு விட்டுடறாங்க, எல்லாமே ஒரே மாதிரி சாம்பல் நெறம்னு. நெறத்த மறந்துடுங்க, நடையப் பாருங்க. கொஞ்சம் ஓடும், டக்குனு நிக்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும், அப்படின்னா அது உப்புக்கொத்தி. அலகு குட்டை, கண்ணு பெருசு, கண்ணால பாத்து எடுக்கற பறவை. தலைய குனிஞ்சபடியே தையல் மெஷின் ஊசி மாதிரி விடாம குத்திகிட்டே போனா அது உள்ளான் வகை, அலகு நுனியால தொட்டு உணர்ந்து எடுக்குது. இந்த ரெண்ட பிரிச்சுட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

அடுத்தது அலகு. ரொம்ப சின்னதா, கருப்பு கால், குட்டையான நேர் அலகுன்னா கொசு உள்ளான். அத விட கொஞ்சம் பெருசா, அலகு நீண்டு நுனில கீழ வளைஞ்சு, வயிறு வரைக்கும் தண்ணில நின்னா கர்லூ சாண்ட்பைப்பர். கால் ஆரஞ்சு செவப்பா, பறக்கும்போது எறக்கையோட பின் ஓரம் வெள்ளையா பளிச்சுன்னு தெரிஞ்சா ரெட்ஷாங்க், உங்கள மொதல்ல பாத்து கத்தி மத்த எல்லாத்தையும் கெளப்பி விடறது அதுதான். நீளமான நேர் அலகுன்னா காட்விட், அருவா மாதிரி கீழ வளைஞ்ச நீள அலகுன்னா கர்லூ. இவ்வளவு மொத நாளைக்கு போதும், மீதிய "உள்ளான், தெரியல"ன்னு எழுதிக்கங்க, அதுல ஒண்ணும் தப்பு இல்ல.

சிலதோட கால்ல கலர்ல ஒரு சின்ன கொடி மாட்டியிருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல வருஷமா இங்க பறவைக்கு வளையம் மாட்டி ஆராய்ச்சி பண்ணுது, வேற நாட்டுல மாட்டுனதும் வரும். அப்படி ஒண்ண பாத்தா எந்தக் கால், முட்டிக்கு மேலயா கீழயா, கொடி என்ன நெறம், ரெண்டு கொடின்னா எது மேல எது கீழ, எழுத்து இருந்தா என்ன எழுத்து, தேதி, எடம், இத்தனையும் எழுதி ஃபோட்டோவோட சங்கத்துக்கு அனுப்புங்க. "செவப்பா ஏதோ இருந்துச்சு"ன்னா பிரயோஜனமே இல்ல, எந்தக் காலுன்னு தெரியலன்னா பாதி தகவல் போச்சு. இது ஒண்ண ஒழுங்கா செஞ்சீங்கன்னாலே நீங்க வந்ததுக்கு அந்தப் பறவைக்கும் ஒரு லாபம்.

6. உப்பளத்த ஏன் விடக்கூடாது

அகஸ்தியம்பள்ளில உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கற பக்கமெல்லாம் உப்பளம்தான். வெறும் பாத்தின்னு தாண்டிப் போயிடாதீங்க. கடல் தண்ணி ஒரு பாத்திலேருந்து அடுத்த பாத்திக்கு போகப் போக உப்பு ஏறிகிட்டே போகும். மொத பாத்திங்கள்ல மீன், எறால் உயிரோட இருக்கும், அங்க ஆலா, நாரை, கரண்டிவாயன் நிக்கும். நடுப் பாத்திங்கள்ல மீன் இருக்காது, உப்ப தாங்கற பொடி எறால் வகை இருக்கும், அங்க பூநாரையும் உள்ளானும். கடைசில உப்பு படியற பாத்தில எதுவும் இருக்காது. அதனால வெள்ளையா உப்பு தெரியற எடத்துல நின்னு பறவை தேடாம, தண்ணி வர்ற பக்கம் பாருங்க.

வரப்பு மேல ஏறாதீங்க. மண் வரப்பு, ஒரு எடம் ஒடைஞ்சா தண்ணி கலந்து அவங்க வாரக்கணக்குல காய வெச்சது போச்சு. வேலை செய்யறவங்க கிட்ட "அண்ணே, இங்கேருந்து பாத்துக்கலாமா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, பெரும்பாலும் பறவை எங்க நிக்குதுன்னு அவங்களே காமிச்சு விடுவாங்க.

7. வெயில் ஏறுனதும் காட்டுக்குள்ள

ஒம்பதரைக்கு மேல சதுப்புல கானல் ஆட ஆரம்பிக்கும், ஸ்கோப்ல பாத்தா எல்லாம் நெளியும். அப்ப காட்டுக்கு மாறிடுங்க. இது உலர் பசுமைமாறாக் காடு, மழை சில மாசம்தான், ஆனா இலை வருஷம் பூரா இருக்கும், அதனால இலை சின்னதா தடிப்பா பளபளன்னு தண்ணிய விடாம இருக்கும். பாலா மரம்தான் இங்க முக்கியமானது, கோடைல அதோட மஞ்சள் பழத்துக்கு பறவை, குரங்கு, மனுஷன் எல்லாரும் போட்டி. உகா மரமும் நெறைய பாப்பீங்க, உப்பு மண்ண தாங்கும்.

நடக்கறது கம்மியா, நிக்கறது அதிகமா இருக்கணும். காஞ்ச எலைய ஏதோ பெரட்டற சத்தம் கேட்டா அசையாம நில்லுங்க, குளிர்காலத்துல அது ஆறுமணிக் குருவியா இருக்க நல்ல வாய்ப்பு. பச்ச, நீலம், செவப்புன்னு அத்தனை நெறம் இருந்தும் நிழல்ல தரையோட தரையா இருக்கும், அசைஞ்சாதான் தெரியும். நீள வாலோட அரசவால் ஈப்பிடிப்பானும் இந்த மர நிழல்லதான்.

நல்ல தண்ணி நிக்கற சின்னக் குளம் ஏதாவது இருந்தா பக்கத்துல மறைவா ஒக்காருங்க. சுத்தி எல்லாம் உப்புத்தண்ணி, அதனால நல்ல தண்ணிக்கு எல்லா உயிரும் வந்துதான் ஆகணும். முனியப்பன் ஏரிப் பக்கம் போக விட்டா போங்க. சாப்பாட்டுப் பொட்டலம் பையிலயே இருக்கட்டும், குரங்கு கவர்ல கண்ணு வெச்சா பையோட போயிடும், அதுக்கு குடுத்துப் பழக்கவும் கூடாது.

மூலிகைன்னு சொல்லி செடி புடுங்கறது வேணாம், சரணாலயத்துக்குள்ள எதையும் எடுக்க சட்டப்படி அனுமதி இல்ல.

மத்தியானம் ரெஸ்ட். சாயந்தரம் மறுபடி புல்வெளி, மொத நாள் பாத்த அதே ஆண் அங்கயே நிக்குதான்னு பாருங்க.

8. மூணாம் நாள் விடியல்: கடற்கரை

இங்க கரை ஒரு முனையா திரும்புது, ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பாக் ஜலசந்தி. ஜலசந்திப் பக்கம் ஆழம் கம்மி, சேறு உண்டு, கால் புதையும், தெரியாத எடத்துல எறங்காதீங்க. குளிக்கற கடற்கரைன்னு நெனச்சு வராதீங்க.

மீன்பிடி சீசன்ல வெளியூர் மீனவங்களும் இங்க வந்து தங்கித் தொழில் பண்ணுவாங்க. படகு கரை சேர்ற நேரத்துல அங்க நின்னா கடற்காகம், ஆலா, செம்பருந்து எல்லாம் கிட்டக்கவே பாக்கலாம். பெரிய செவப்பு அலகோட கருப்புத் தொப்பி வெச்ச மாதிரி இருக்கற பெரிய ஆலாவ தவற விடாதீங்க. வலை காயப் போட்டிருந்தா மிதிக்காம சுத்திப் போங்க.

ஜனவரிலேருந்து மார்ச் வரைக்கும் மணல்ல கடலாமைத் தடம் பாருங்க, வண்டி டயர் போன மாதிரி அகலமா கடல்லேருந்து மேல போய் திரும்பி வந்திருக்கும். இங்க பெரும்பாலும் பங்குனி ஆமை, அதோட துடுப்புத் தடம் ரெண்டு பக்கமும் நேருக்கு நேரா இருக்காது, நடக்கற மாதிரி மாறி மாறி இருக்கும். தடத்த பாத்தா தோண்டாதீங்க, வனத்துறைக்கு சொல்லுங்க, அவங்க முட்டைய எடுத்து பொரிப்பகத்துல பொதைச்சு வெப்பாங்க. ஏறக்குறைய 45 லேருந்து 55 நாள்ல குஞ்சு வரும். கடல்ல விடற அன்னிக்கு பாக்க அனுமதிச்சா டார்ச், ஃபிளாஷ் ரெண்டும் வேணாம், குஞ்சு வெளிச்சத்த பாத்துதான் கடல் எந்தப் பக்கம்னு முடிவு பண்ணுது, உங்க செல்ஃபோன் வெளிச்சத்துக்கு திரும்பி வந்துடும்.

9. முத்துப்பேட்டை அலையாத்திக்காடு

இதுவும் கோடியக்கரையும் சேந்துதான் 2002ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல வந்துச்சு, ஆனா ரோட்டுல சுத்திப் போகணும், அதனால ஒரே நாள்ல ரெண்டையும் திணிக்காதீங்க. முத்துப்பேட்டைல வனத்துறை ஆபீஸ்ல மொத நாளே பேசி, படகு ஏற்பாடு பண்ணிடுங்க. காலைல ஏழு மணிக்கே படகுல இருக்கணும், மத்தியானம் காத்து ஏறுனா காயல்ல அலை வந்து திரும்பறது கஷ்டம். லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறாதீங்க, ஆழம் இடுப்பளவுதான்னு சொன்னாலும் சரி, கீழ இருக்கறது சேறு.

பிச்சாவரம் மாதிரி குகை குகையா வேர் தொங்கும்னு எதிர்பாத்து வர்றவங்க இங்க ஏமாந்துடறாங்க. அங்க வளைஞ்சு வேர் விடற ரைசோபோராங்கற மரம் நெறைய, இங்க பெரும்பாலும் ஒரே மரம், வெண்கண்டல், ஏன்னா இங்க உப்பு ரொம்ப அதிகம், அத தாங்கறது அதுதான். தரைலேருந்து பென்சில் மாதிரி குத்துக் குத்தா நிக்கறது மூச்சு வேர், சேத்துல காத்து இல்லாததால மேல வந்து மூச்சு வாங்குது. படகோட்டி கிட்ட கேட்டு வெண்கண்டல் எலை ஒண்ணத் தடவிப் பாருங்க, உப்பு கையில ஒட்டும், மரமே அத வெளில தள்ளுது. சேத்துல கண்ணு மட்டும் மேல தூக்கிட்டு தாவற சேத்து மீனு, ஒரு கை மட்டும் பெருசா இருக்கற நண்டு, ரெண்டும் படகு நின்னு அஞ்சு நிமிஷம் ஆனாதான் வெளில வரும்.

நடுநடுவுல நேர் நேரா வாய்க்கால் வெட்டியிருக்கறத பாப்பீங்க, மீன் முள்ளு மாதிரி பிரியும். தண்ணி போய் வராத எடத்துல உப்பு தங்கி மரம் செத்துப் போச்சு, வாய்க்கால் வெட்டி கடல் ஏத்த எறக்கத் தண்ணிய உள்ள விட்டு நட்டதுதான் அந்த எளங்காடு.

ஒரு எச்சரிக்கை, இங்க தில்லை மரமும் இருக்கு. எலைய கிள்ளுனா பால் வரும், அது கண்ணுல பட்டா ரொம்ப மோசம், தோல்லயும் எரியும். எது கண்டல் எது தில்லைன்னு படகோட்டி கிட்ட கேக்காம எந்த எலையையும் தொடாதீங்க.

10. அன்னன்னிக்கே எழுதுங்க

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பாத்தது, நேரம், எடம், தண்ணி எவ்வளவு, காத்து எப்படின்னு எழுதிடுங்க. பறவை பாத்தத பதிவு பண்ற ஈபேர்ட் இணையதளத்துல போடறவங்க மொத்தமா "கோடியக்கரை"ன்னு ஒரே லிஸ்ட்டா போடாதீங்க. சதுப்பு தனி, காடு தனி, கடற்கரை தனின்னு போட்டாதான் எந்த வாழிடத்துல எது கொறையுது, எது கூடுதுன்னு பின்னால பாக்கறவங்களுக்கு தெரியும். எண்ணிக்கை தெரியலன்னா பத்து பறவை எவ்வளவு எடம் அடைக்குதுன்னு கண்ணால அளந்து அத கூட்டம் பூரா ஓட்டிப் பாருங்க, ஒரு கணக்கு வரும். ஆமைத் தடம், கூடு, பொரிப்பகம் எங்க இருக்குன்னு மட்டும் பொதுவுல லொகேஷன் போட வேணாம், அத வனத்துறைக்கு மட்டும் சொல்லுங்க.